சொல் கேளீர்: அஃபிடவிட்

அதிகாரி முன் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்குப் பெயர் அஃபிடவிட். தாலுகா ஆபீஸ் கவுன்ட்டரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை புழங்கும் இந்த ஒரு சொல்லைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும். சொல்லாராய்ச்சிக் கேள்விகள் முதலில், நடைமுறைக் கேள்விகள் அதன் பின்.

கேள்வி: அஃபிடவிட் எந்த மொழிச் சொல்? ஆங்கிலச் சொல் மாதிரியே தோன்றவில்லையே? (தென்காசி வாசகர்)

இடைக்கால லத்தீன். அதிலும் அது பெயர்ச்சொல்லே இல்லை, முழு வினைமுற்று. ‘அஃபிடாரே’ என்றால் வாக்குக் கொடுத்தல், சத்தியம் செய்தல். அதன் படர்க்கை ஒருமை இறந்தகால வடிவம்தான் ‘அஃபிடவிட்’. நேராகச் சொன்னால் ‘அவர் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்’. பழைய ஆங்கில நீதிமன்றப் பதிவேடுகள் லத்தீனில் எழுதப்பட்டன. இன்னார் வந்தார், அதிகாரி முன் உறுதி கூறினார் என்று பதியும்போது வந்து விழும் வினைச்சொல்லே நாளடைவில் அந்தத் தாளுக்கும் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் இது 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. இன்றைய பத்திரம் ‘நான்’ என்று தன்மையில் பேசும். அதன் தலைப்போ ‘அவர் கூறினார்’ என்று படர்க்கையில் நிற்கும். எழுதுபவர் குரல் ஒன்று, பதிவு செய்யும் அதிகாரியின் குரல் இன்னொன்று. இரண்டு பேரும் இருந்தால்தான் அது அஃபிடவிட். கீழே வரப்போகும் நடைமுறைக் கேள்விகளில் பாதிக்கு இந்த இலக்கணத்திலேயே பதில் இருக்கிறது.

வினைச்சொல் ஆவணத்தின் பெயராவது சட்ட லத்தீனில் சர்வசாதாரணம். ‘மேண்டமஸ்’ என்றால் ‘கட்டளையிடுகிறோம்’. ‘கேவியட்’ என்றால் ‘அவர் உஷாராக இருக்கட்டும்’. ‘வீட்டோ’ என்றால் ‘தடுக்கிறேன்’. இவற்றில் ரசமானது ‘இக்னோரமஸ்’. குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லையென்றால் அந்தக் கால இங்கிலாந்தின் பெரிய ஜூரி (வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு), குற்றச்சாட்டுத் தாளின் பின்புறம் அப்படி எழுதித் திருப்பி அனுப்பும். ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பொருள். இன்று அதே சொல் ஒன்றும் தெரியாத ஆளைக் குறிக்கிற வசவு.

அஃபிடவிட்டுக்குள் இருக்கும் வேர் ‘ஃபிடெஸ்’, அதாவது நம்பிக்கை. ‘போனஃபைடு’ சான்றிதழ், ‘கான்ஃபிடன்ஸ்’, நிச்சயிக்கப்பட்ட மணமகனைச் சொல்லும் ‘ஃபியான்சே’, ஒலிப்பெட்டிக்காரர்களின் ‘ஹை-ஃபை’ எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ‘வைஃபை’ மட்டும் இந்தக் குடும்பத்தில் பிறந்ததல்ல. 1999இல் ஒரு விளம்பர நிறுவனம், ‘ஹை-ஃபை’க்கு எதுகையாக இருக்கட்டும் என்று வைத்துக்கொடுத்த வணிகப் பெயர் அது.

கேள்வி: தமிழில் இதற்கு எது சரியான சொல்? பிரமாணப் பத்திரம், உறுதிமொழிப் பத்திரம், ஆணையுறுதி ஆவணம் என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்து உறவினர் ‘சத்தியக் கடதாசி’ என்கிறார். (திருச்சி வாசகர்)

நாளிதழ்களும் தேர்தல் செய்திகளும் ‘பிரமாணப் பத்திரம்’ என்றே எழுதுகின்றன. சட்டத் தமிழில் ‘ஆணையுறுதி ஆவணம்’ உண்டு. வக்கீல் குமாஸ்தாவிடம் போய் இரண்டில் எதைச் சொன்னாலும், ‘அஃபிடவிட்டா சார்?’ என்று திருப்பிக் கேட்பார்.

‘உறுதிமொழிப் பத்திரம்’ என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இனிமேல் இப்படி நடந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுப்பதையும் நாம் உறுதிமொழி என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘அண்டர்டேக்கிங்’ என்ற வேறு சொல் இருக்கிறது. நடந்ததையும் இருப்பதையும் உண்மை என்று சொல்வது அஃபிடவிட். நடக்கப்போவதற்கு வாக்குக் கொடுப்பது அண்டர்டேக்கிங். கல்லூரியில் ‘ராகிங் செய்யமாட்டேன்’ என்று எழுதி வாங்குவது, பொருளைப் பார்த்தால் இரண்டாவது வகை.

இலங்கையின் ‘சத்தியக் கடதாசி’ நல்ல சொல். அங்கே அது அரசு அலுவலகங்களிலும் சமாதான நீதவான் (சத்தியம் வாங்கிச் சான்றளிக்க அதிகாரம் பெற்றவர்) வீட்டிலும் அன்றாடம் புழங்குகிறது. சத்தியமும் இருக்கிறது, தாளும் இருக்கிறது. மூலத்தின் பொருளுக்கு மிக அருகில் நிற்பது அதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம். ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்தப் பெயரோடு தாக்கல் செய்யப் போகாதீர்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் எப்படி உச்சரிப்பது? எந்த வினைச்சொல்லோடு சேர்த்து எழுதுவது? (கோவை, கல்லூரி மாணவி)

ஆங்கிலேயர் உச்சரிப்பு ‘அஃபிடேவிட்’, அழுத்தம் ‘டே’யில். நம் கோர்ட் வளாகங்களில் ‘டே’ குறுகி ‘அஃபிடவிட்’ ஆகிவிட்டது. தவறு என்று சொல்லத் தேவையில்லை. எழுத்துக்கூட்டலில் கவனிக்க வேண்டியவை இரண்டு: ‘எஃப்’ இரண்டு வரும், கடைசி எழுத்து ‘டேவிட்’ (David) என்ற ஆள்பெயரின் முடிவில் வரும் d அல்ல, ‘டிக்கெட்’ (ticket) முடிவில் வரும் t.

யார் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து வினை மாறும். எழுதிக் கொடுப்பவர் அதை ‘ஸ்வேர்’ செய்கிறார். அதிகாரி அதை ‘டேக்’ செய்கிறார். வழக்கில் சேர்ப்பவர் ‘ஃபைல்’ செய்கிறார். ‘அதிகாரி அஃபிடவிட்டை ஸ்வேர் செய்தார்’ என்று எழுதினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். ‘ஸ்வோர்ன் அஃபிடவிட்’ என்பது கூறியது கூறல்; ஆனாலும் நல்ல எழுத்தாளர்களே எழுதுகிறார்கள், சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். உறுதி கூறுபவர் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ‘டிபோனன்ட்’, அமெரிக்காவில் ‘அஃபியன்ட்’. கடைசியில் அதிகாரி எழுதும் ‘என் முன்னிலையில் இந்தத் தேதியில் உறுதி கூறினார்’ என்ற பகுதிக்கு ‘ஜுராட்’ என்று பெயர்.

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வாயில் இந்தச் சொல் ‘டேவி’ என்று சுருங்கியது. ‘டேவி எடுக்கிறேன்’ என்றால் நம் ஊர் ‘சத்தியமாச் சொல்றேன்’.

கேள்வி: கோர்ட், சர்க்கார் ஆபீஸ் தவிர வேறு எதற்காவது அஃபிடவிட் கேட்டது உண்டா? (மதுரை வாசகர்)

பிணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் வெளிநாட்டு லினன் துணியின் இறக்குமதியைக் குறைத்து, உள்நாட்டுக் கம்பளித் தொழிலைத் தூக்கி நிறுத்த 1666இல் ஒரு சட்டம் வந்தது. இறந்தவரைக் கம்பளித் துணியில் மட்டுமே சுற்றிப் புதைக்க வேண்டும். யாரும் சட்டை செய்யவில்லை. 1678இல் சட்டத்தை இறுக்கினார்கள்: புதைத்த எட்டு நாளுக்குள், கம்பளியில்தான் புதைத்தோம் என்று அஃபிடவிட் கொண்டுவந்து தேவாலயப் பாதிரியாரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 5 பவுண்டு அபராதம். கொள்ளைநோயில் இறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

அபராதத்தில் பாதி அந்த ஊர் ஏழைகளுக்கு, பாதி துப்புக் கொடுத்தவருக்கு. பணக்காரக் குடும்பங்கள் இதில் ஒரு சந்து கண்டுபிடித்தன. லினனில்தான் புதைப்போம் என்று முடிவு செய்துவிட்டு, தங்கள் ஆள் ஒருவரையே துப்புக் கொடுக்க வைத்துப் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டன. அந்தக் காலத் தேவாலயப் பதிவேடுகளில் அடக்கக் குறிப்புக்குப் பக்கத்தில் அஃபிடவிட் வந்ததா இல்லையா என்று குறித்திருப்பதை இன்றும் பார்க்கலாம். சட்டம் நீக்கப்பட்டது 1814இல்.

அஃபிடவிட் பெருகிய இடத்தில் பொய் அஃபிடவிட்டும் பெருகியது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலைச் சுற்றிக் கூலிக்குச் சத்தியம் செய்யக் காத்திருந்தவர்களுக்கு ‘அஃபிடவிட் ஆட்கள்’ என்றே பெயர் இருந்தது. 1785இல் வந்த கொச்சைச் சொல் அகராதியிலேயே அது ஏறிவிட்டது.

கேள்வி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயர் முதலெழுத்துடன் இருக்கிறது, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கிறது. ‘இருவரும் ஒருவரே’ என்று அஃபிடவிட் கேட்கிறார்கள். எப்படி எழுதுவது, எங்கே தவறுகிறது? (திண்டுக்கல் வாசகர்)

தமிழ்நாட்டில் மிக அதிகம் தேவைப்படுவது இந்த வகைதான் என்று சொல்லலாம். குடும்பப்பெயர் இல்லாத நம் பெயரிடும் முறையை, முதற்பெயர்-குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்ட படிவங்களில் திணிப்பதால் வரும் வினை. ஒரே பக்கத்தில் முடித்துவிடலாம்.

முதல் பத்தியில் ஆள் யார் என்பது தெளிவாக வேண்டும்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண்ணோடு முழு முகவரி. ‘…ஆகிய நான் உளமார உறுதி கூறி உண்மையாகத் தெரிவிப்பது யாதெனில்’ என்று அது முடியும். அடுத்து எண்ணிட்ட பத்திகள், ஒரு பத்திக்கு ஒரே ஒரு விவரம். உங்கள் விஷயத்தில் இப்படி அமையலாம்:

‘1. நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். 2. இன்ன வாரியம் இன்ன தேதியில் வழங்கிய, இன்ன எண்ணுள்ள பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என் பெயர் “…” என்று உள்ளது. 3. என் ஆதார் அட்டையில் என் பெயர் “…” என்று உள்ளது. 4. சான்றிதழில் உள்ள முதலெழுத்து என் தந்தையின் பெயரைக் குறிக்கிறது. ஆதாரில் அதே பெயர் விரித்து எழுதப்பட்டுள்ளது. 5. மேற்கண்ட இரு பெயர்களும் என் ஒருவரையே குறிக்கும். 6. இன்ன அலுவலகத்தில் இன்ன காரியத்துக்காகத் தாக்கல் செய்ய இதை அளிக்கிறேன்.’

மேற்கோள் குறிக்குள் வரும் பெயரை ஆவணத்தில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி போட வேண்டும். பல அஃபிடவிட்டுகள் சறுக்கும் இடம் இது. டைப் செய்பவர் பழக்கத்தில் ஒரு ‘எச்’ சேர்ப்பார், முதலெழுத்தைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவருவார். இரண்டு பெயரை ஒன்றாக்க வந்த பத்திரத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் முளைத்துவிடும். கவுன்ட்டரில் இருப்பவர் திருப்பி அனுப்பினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அதன்பின் சரிபார்ப்பு: ‘பத்தி 1 முதல் 6 வரை உள்ளவை நான் நேரில் அறிந்த உண்மைகள், எதையும் மறைக்கவில்லை.’ இடம், தேதி, கையெழுத்துக்கான இடம். அதற்குக் கீழே நோட்டரி (பத்திரங்களுக்குச் சான்றளிக்க அரசு உரிமம் பெற்றவர்) எழுத வேண்டிய பகுதி. இந்தப் பகுதி மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடக் கூடாது. அப்படித் தாவிய தாளை எந்தப் பத்திரத்தோடும் கோத்துவிடலாம் அல்லவா? மேலே உள்ள வாசகத்தோடு ஒட்டியே வர வேண்டும் என்று இங்கிலாந்து நீதிமன்ற விதியே சொல்கிறது. இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியின் இரண்டு வரியையாவது அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

இனி முக்கியமானது: வீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘அவர் உறுதி கூறினார்’ என்று அதிகாரி சாட்சி சொல்ல வேண்டுமானால் நீங்கள் அவர் கண் முன்னால் போட வேண்டும். கையெழுத்தில்லாத பத்திரம், மூல ஆவணங்கள், புகைப்படத்தோடு ஓர் அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் ஒரு நகல். இவற்றோடு போங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் உங்கள் சுருக்கொப்பமும் அதிகாரியின் சுருக்கொப்பமும் இரண்டும் வேண்டும். சென்னை வழக்கப்படி ஒவ்வொரு பக்க அடியிலும் ‘திருத்தங்கள்: இல்லை’ அல்லது எண்ணிக்கை எழுதுவார்கள், நல்ல வழக்கம், பின்னால் யாரும் எதையும் செருக முடியாது.

நோட்டரி தன் பதிவேட்டில் வரிசை எண் போட்டு உங்கள் கையெழுத்தை வாங்க வேண்டும்; அந்த எண் பத்திரத்திலும் இருக்க வேண்டும். முத்திரை 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டம் என்பது 1956 நோட்டரி விதி. அவர் பெயரும் பதிவு எண்ணும் தெளிவாக விழுந்திருக்கிறதா, அவருடைய உரிமக் காலம் முடிந்துவிடவில்லையா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். தேதிகளையும் வரிசைப்படுத்திப் பாருங்கள்: முத்திரைத்தாள் வாங்கிய தேதி முதலில், கையெழுத்தும் நோட்டரி தேதியும் அதே நாளோ பின்னரோ. தாள் வாங்குவதற்கு முந்தைய நாளே சத்தியம் செய்ததாகக் காட்டும் பத்திரங்கள் நிஜமாகவே வருகின்றன.

ஆங்கிலப் பத்திரத்தில், ஆங்கிலம் தெரியாதவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்கிறார் என்றால், ‘தமிழில் படித்துக் காட்டி விளக்கினேன், புரிந்துகொண்டு என் முன் ஒப்பமிட்டார்’ என்ற வாசகத்தை அதிகாரி சேர்க்க வேண்டும். இது இல்லாவிட்டால் பிற்பாடு ‘எனக்கு என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது’ என்று அவர் சொல்ல வழி திறந்துவிடும். அதைவிடத் தமிழிலேயே எழுதிவிடுவது மேல்.

கடைசியாக ஒன்று. இத்தனையும் சரியாகச் செய்தாலும் எந்தப் பதிவேடும் தானாகத் திருந்தாது. பெயர் வேறுபாட்டுக்கு அது ஒரு விளக்கம், அவ்வளவே. ஆதாரில் திருத்த முடியுமானால் அதைத் திருத்துவது நிரந்தரம். பெயரையே மாற்றிக்கொள்பவர்களுக்கு வழி அரசிதழ் அறிவிப்பு. வெறும் அஃபிடவிட்டை வைத்துக்கொண்டு நான் இப்போது வேறு பெயர்க்காரன் என்று சொல்ல முடியாது.

கேள்வி: 20 ரூபாய் பத்திரத்தில்தான் எழுத வேண்டுமா? வீட்டில் போன வருஷம் வாங்கிய தாள் இருக்கிறது, செல்லுமா? (சேலம் வாசகர்)

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் நெடுங்காலம் 20 ரூபாயாக இருந்தது 2024இல் 200 ரூபாயானது. ஆகவே இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளை நம்பி 20 ரூபாய்த் தாள் வாங்காதீர்கள்.

ஆனால் எல்லா அஃபிடவிட்டுக்கும் முத்திரைத்தீர்வை கிடையாது, இது பலருக்குத் தெரிவதில்லை. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவென்றே எழுதப்படுவதற்கும், ஒருவர் பென்ஷனோ தர்ம உதவித்தொகையோ பெறுவதற்காக மட்டும் எழுதப்படுவதற்கும் இந்திய முத்திரைச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பென்ஷனுக்கு அலையும் பெரியவர்களைத் தாள் வாங்க வைப்பது தேவையற்ற செலவு.

பழைய தாள் செல்லும். ஆறு மாதம் என்று பரவியிருப்பது, பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடு. அதைத் தாளின் ஆயுள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. மதிப்பு இப்போதைய கட்டணத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, உங்கள் பெயரில் வாங்கியதா என்று மட்டும் பாருங்கள். மிகப் பழைய தாளைக் கண்டால் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது வேறு விஷயம். 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் அலைவதா என்பது உங்கள் முடிவு.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு: 2016 டிசம்பர் முதல் இணைப்புப் படிவங்கள் வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழியாகவே போதும், நோட்டரி தேவையில்லை என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்துவிட்டது. இன்னும் அதற்கு அஃபிடவிட் அடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாதவர் அஃபிடவிட் கொடுக்க முடியாதா? (ஈரோடு வாசகர்)

தாராளமாக முடியும். 1969ஆம் ஆண்டு உறுதிமொழிகள் சட்டத்தின் அட்டவணையில் இதற்கென்றே வாசகம் இருக்கிறது: ‘கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன்’ அல்லது ‘உளமார உறுதி கூறுகிறேன்’, இது என் பெயரும் கையெழுத்தும், இந்த அஃபிடவிட்டில் உள்ளவை உண்மை. இரண்டில் ஒன்றை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். சட்டத்தின் பார்வையில் எடை ஒன்றுதான். உறுதி கூறலும் அஃபிடவிட் என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று 1897ஆம் ஆண்டு பொது வாசகச் சட்டம் சொல்கிறது.

இந்த இரட்டை வழி பிறந்தது நாத்திகத்தால் அல்ல, பக்தியால். சத்தியமே செய்யாதே என்ற பைபிள் வாசகத்தை அப்படியே கடைப்பிடித்த குவேக்கர் கிறிஸ்தவர்களுக்காக 1690களில் இங்கிலாந்து முதலில் இறங்கி வந்தது. நாத்திகர்கள் முழு உரிமை பெற 1888 வரை காத்திருக்க நேர்ந்தது. 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா, சத்தியப்பிரமாணச் சண்டையில் 1886 வரை நாடாளுமன்றத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. இந்தியாவில் 1840ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம், கங்கை நீரையும் குர்ஆனையும் தொட்டுச் சத்தியம் வாங்கும் முறையை நீக்கி, அந்த இடத்தில் உறுதி கூறலைக் கொண்டுவந்தது.

கேள்வி: நோட்டரி முத்திரை விழுந்துவிட்டால் உள்ளே இருப்பது உண்மை என்று ஆகிவிடுமா? ‘என் அறிவுக்கு எட்டிய வரை’ என்று போட்டுக்கொண்டால் தப்பித்துக்கொள்ளலாமா? (சென்னை வாசகர்)

இரண்டுக்கும் இல்லை. நோட்டரி சொல்வது இவர்தான் அவர், என் முன் வந்தார், உறுதி கூறினார், கையெழுத்திட்டார் என்பதை மட்டும். உள்ளே இருக்கும் சங்கதிக்கு எழுதியவரே முழுப் பொறுப்பு.

இரண்டாவது கேள்வி சுவையானது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19ஆவது கட்டளை, 3ஆவது விதிப்படி அஃபிடவிட்டில் நீங்கள் நேரில் அறிந்ததை மட்டுமே எழுத வேண்டும். இடைக்கால மனுக்களில் மட்டும் நம்புகிறவற்றையும் எழுதலாம், ஆனால் ஏன் நம்புகிறேன் என்பதையும் சேர்த்து. கேள்விப்பட்டதையும் வாதத்தையும் கொட்டி நிரப்பினால் அதற்கான செலவுத்தொகையைத் தாக்கல் செய்தவர் தலையில் கட்டவும் அதே விதியில் இடமிருக்கிறது. ‘எல்லாம் என் அறிவுக்கும் தகவலுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரை உண்மை’ என்று மொத்தமாக ஒரு வரியில் முடிப்பதை உச்ச நீதிமன்றம் 1952இலேயே கண்டித்தது. எது நேரில் அறிந்தது, எது பிறர் சொன்னது, சொன்னது யார் என்று பிரிக்க வேண்டும். 2011இலும் ஒரு வழக்கில் இதையே அழுத்திச் சொன்னது. எழுத வேண்டியது இப்படி: ‘பத்தி 1 முதல் 4 நான் நேரில் அறிந்தவை; பத்தி 5 மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்து அறிந்தது; பத்தி 6 என் வழக்கறிஞரின் ஆலோசனைப்படி நான் நம்புவது.’

அஃபிடவிட் தன்னளவில் சாட்சியமும் அல்ல. பழைய சாட்சியச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமும், நீதிமன்றத்தில் கொடுக்கும் அஃபிடவிட்டுகளைத் தங்கள் எல்லைக்கு வெளியே வைக்கின்றன. சிவில் வழக்குகளில் சாட்சி தன் தரப்புக்காகச் சொல்லும் முதல் விசாரணையை எழுத்தில் கொடுக்கும் ‘ப்ரூஃப் அஃபிடவிட்’ 2002 திருத்தத்தால் வந்தது. அதைக் கொடுத்தவர் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு நின்றாக வேண்டும். எழுதியது வக்கீல் என்றாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். படிக்காமல் கையெழுத்திட்டவர்களின் தடுமாற்றம் அங்கேதான் வெளிப்படும்.

பொய் என்றால்? நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியத்துக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும். பிற இடங்களில் 3 ஆண்டு வரை, 5,000 ரூபாய் வரை. ஆனால் எதிராளி நேராகப் போய் வழக்குப் போட முடியாது. நீதிமன்ற நடவடிக்கையில் நடந்த பொய்க்கு அந்த நீதிமன்றமே புகார் கொடுக்க வேண்டும். தண்டனைகள் அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தேர்தலில் வேட்பாளர்கள் தங்கள் சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லிக் கொடுக்கும் படிவம் 26 என்ற அஃபிடவிட் தனி ரகம். அதில் பொய்யோ மறைப்போ இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடக் கூடாது. ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தேர்தல் அதிகாரி நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம்.

கேள்வி: இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்போதும் இதே நடைமுறைதானா? (புதுச்சேரி வாசகர்)

குறைந்துகொண்டே வருகிறது. இங்கிலாந்தின் 1999 சிவில் நடைமுறை விதிகளுக்குப் பின், பெரும்பாலான இடங்களில் கீழே ‘உண்மை அறிக்கை’ வாசகத்தோடு கையெழுத்திட்ட சாட்சி அறிக்கையே போதும். அஃபிடவிட்டே வேண்டும் என்கிற இடங்களில் சொலிசிட்டர் (அந்நாட்டு வழக்கறிஞர்) முன் உறுதி கூற 5 பவுண்டு, இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 2 பவுண்டு. 1993இல் வைத்த கட்டணம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1976 முதல், பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கையைச் சத்தியத்துக்குச் சமமாக ஏற்கிறது.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். சொத்து விஷயமாக அவனிடம் அஃபிடவிட் கேட்கிறார்கள். கையெழுத்திட்டுக் கூரியரில் அனுப்பச் சொல்லி, இங்கே நோட்டரியிடம் முத்திரை வாங்கிக்கொள்ளலாமா? (காரைக்குடி வாசகர்)

கூடாது. அவர் இங்குள்ள நோட்டரி முன் வரவில்லை. ‘என் முன் உறுதி கூறினார்’ என்று நோட்டரி எழுதினால் அதுவே பொய். பிற்பாடு அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தாலே அன்று அவர் இந்தியாவில் இல்லை என்பது தெரிந்துவிடும், பத்திரம் விழுந்துவிடும்.

வழி இரண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியத் தூதரக அதிகாரிகள் அஃபிடவிட் வாங்கலாம். முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடும் கையெழுத்திடாத பத்திரத்தோடும் போய் அவர்கள் முன் கையெழுத்திடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்நாட்டு நோட்டரி முன் உறுதி கூறி, அதன்மேல் அப்போஸ்டில் சான்று (ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்பதற்காக, நாடுகளுக்கிடையே உள்ள ஒப்பந்தப்படி தரப்படுவது) பெற வேண்டும். இந்தியா 2005லும் சிங்கப்பூர் 2021லும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டன. துபாய், அபுதாபியில் இருப்பவர்களுக்கு அப்போஸ்டில் வழி இல்லை, தூதரகமே சுலபம்.

எந்த வழியில் வந்தாலும், நீதிமன்றத்துக்கு என்றில்லாமல் வேறு அலுவலகத்துக்கு என்றால் முத்திரைத்தீர்வை இங்கே கட்ட வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் அவகாசம். வந்த தேதி தெரியும் கூரியர் உறையைக் கிழித்து எறிந்துவிடாமல் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.